கேட்கும் அதிகாரமும் கட்டளையிடும் அதிகாரமும்: வெளியுறவு முடிவுகளில் நீதிமன்றம் எதுவரை போகலாம்?

2025 ஏப்ரல் 10 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு வினைச்சொற்களைப் பிரித்து வைத்தது. எல் சால்வடாருக்கு அனுப்பக் கூடாது என்று 2019இலேயே குடிவரவு நீதிபதியின் தடை பெற்றிருந்த ஒருவரை, அதற்கு முந்தைய மாதம் அரசு அதே எல் சால்வடாரின் சிறைக்கு அனுப்பியிருந்தது. தவறு நடந்துவிட்டது என்பதை அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அவர் திரும்பி வர அரசு ‘வழிசெய்ய’ வேண்டும், திரும்புவதை ‘நிறைவேற்றவும்’ வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் ஆணையிட்டது. வழிசெய்ய வேண்டும் என்பது சரி என்றது உச்ச நீதிமன்றம். நிறைவேற்ற வேண்டும் என்பது நீதிபதியின் அதிகார எல்லையைத் தாண்டக்கூடும் என்றும், வெளியுறவில் நிர்வாகத்துக்கு உரிய இடத்தை மனத்தில் கொண்டு அதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்றும் வழக்கைத் திருப்பி அனுப்பியது.

ஒரு மனிதன் சிறையில் கிடக்கும்போது சொல்லாராய்ச்சியா என்று கோபம் வருவது இயல்பு. எனக்கும் வந்தது. ஆனால் அந்தச் சிறையின் சாவி வேறொரு நாட்டின் கையில் இருந்தது. தன் அரசைப் பார்த்து ‘கேள், முயற்சி செய், என்ன செய்தாய் என்று வந்து சொல்’ என்று ஒரு நீதிபதி ஆணையிடலாம். அடுத்த நாட்டின் அதிபருக்கு அவரால் ஆணையிட முடியாது. வழக்கின் முடிவைத் தீர்மானிக்கும் ஒருவர் அந்த நீதிமன்றத்தின் அழைப்பாணை எட்டாத தொலைவில் இருக்கிறார். மற்ற வழக்குகளிலிருந்து வெளியுறவு வழக்குகளைப் பிரிப்பது பெரும்பாலும் இந்த ஓர் உண்மைதான். இரகசியம், அவசரம், நிபுணத்துவம் என்று சொல்லப்படும் மற்றக் காரணங்கள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

அப்படியானால் நீதிமன்றம் எங்கே நிற்க வேண்டும்? உலகின் தீர்ப்புகளைப் புரட்டினால் நான்கு நிலைகள் தென்படுகின்றன. முற்றாக விலகி நிற்கலாம். முடிவெடுத்தவருக்கு அதிகாரம் இருந்ததா என்று மட்டும் பார்க்கலாம். முடிவு சட்டத்துக்கு உட்பட்டும் தகுந்த காரணத்தோடும் எடுக்கப்பட்டதா என்று உள்ளே போய்ப் பார்க்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலே போய், அரசு இன்னதைச் செய்ய வேண்டும் என்று கட்டளையிடலாம். எந்த நாடும் இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. என் சார்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதல் நிலையை நான் ஏற்கவில்லை, நான்காவதைக் கண்டு அஞ்சுகிறேன். நடுவில் உள்ள இரண்டில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது.

விலகி நிற்பதற்குப் பழைய மரபு உண்டு. பிரான்சில் அதற்கு ‘அரசாங்கச் செயல்’ என்று பெயர். அந்த வகையில் ஒரு முடிவு விழுந்துவிட்டால் எந்த நீதிமன்றமும் அதைத் தொடாது. 1995இல் அணுகுண்டுச் சோதனைகளை மீண்டும் தொடங்கும் முடிவை எதிர்த்த வழக்கும் இப்படித்தான் வாசலிலேயே திரும்பியது. அமெரிக்காவில் ‘அரசியல் கேள்வி’ என்பார்கள். தைவானுடனான பாதுகாப்பு உடன்படிக்கையை அதிபர் கார்ட்டர் தனியாக முறித்தபோது நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொடுத்த வழக்கை 1979இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்காமல் தள்ளியது. அரசியல் கேள்வி என்று நான்கு நீதிபதிகள் காரணம் சொன்னார்கள். ஜப்பானில் 1959ஆம் ஆண்டின் சுனகாவா வழக்கு இந்த வரிசையில் சற்று மாறுபட்டது. அமெரிக்கப் படைகள் ஜப்பானில் இருப்பதே அரசமைப்புக்கு முரண் என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாதுகாப்பு உடன்படிக்கை மிக உயர்ந்த அரசியல் தன்மை கொண்டது, பார்த்த மாத்திரத்தில் அரசமைப்புக்கு முரண் என்று தெரிந்தாலொழிய நீதிமன்றம் அதை ஆராயாது என்றது. கதவைச் சாத்தியபோதும் ஒரு விரற்கடை இடைவெளியை விட்டுவைத்தது.

இந்த மரபுக்குப் பின்னால் வலுவான வாதம் இருக்கிறது. வெளிநாட்டோடு பேசும்போது ஒரு நாடு ஒரே குரலில் பேச வேண்டும். அமைச்சர் ஒன்று சொல்ல நீதிபதி வேறொன்று சொன்னால் எதிரே இருப்பவர் யாரை நம்புவார்? தூதரகங்களிலிருந்து வரும் மந்தணத் தகவல்கள் நீதிபதியின் மேசைக்கு வருவதில்லை. தவறான முடிவு எடுத்த அமைச்சரை மக்கள் தேர்தலில் நீக்கலாம், நீதிபதியை நீக்க முடியாது. இவை எவையும் பொய்யில்லை.

ஆனால் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதை, ஐ.எஸ். அமைப்பினரின் குடும்பங்கள் அடைத்து வைக்கப்பட்ட சிரியாவின் அல்-ஹோல் முகாம் காட்டியது. அங்கே குழந்தைகளோடு அடைபட்டுக் கிடந்த தங்கள் மகள்களைத் திரும்ப அழைத்து வரும்படி பெற்றோர்கள் பிரெஞ்சு அரசிடம் கேட்டார்கள். அரசு மறுத்தது. நீதிமன்றங்களுக்குப் போனார்கள். இது அரசாங்கச் செயல், எங்களுக்கு அதிகாரமில்லை என்றன நீதிமன்றங்கள். அந்தப் பேரக்குழந்தைகள் எந்தத் தவறும் செய்யாதவர்கள். அவர்களை ஏன் அழைத்து வரவில்லை என்ற கேள்விக்கு ஒரு காரணம் சொல்லக்கூட அரசுக்குக் கடமை இல்லாமல் போனது. 2022 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதைத் தவறு என்றது. அது சொன்ன விதம்தான் முக்கியம். நாடு திரும்பும் பொது உரிமை அவர்களுக்கு உண்டு என்று அது சொல்லவில்லை. அழைத்து வா என்று பிரான்சுக்குக் கட்டளையும் இடவில்லை. மறுப்பு தான்தோன்றித்தனமாக எடுக்கப்பட்டதா என்பதைச் சார்பற்ற ஓர் அமைப்பு பார்த்தாக வேண்டும் என்று மட்டுமே சொன்னது.

கேட்கும் அதிகாரம் வேறு, கட்டளையிடும் அதிகாரம் வேறு. விலகி நிற்கச் சொல்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். கேள்வி கேட்க அனுமதித்தால் நாளைக்கு நீதிபதி தூதர்களை நியமிக்கத் தொடங்கிவிடுவார் என்பது போல வாதம் நகர்கிறது. அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று உண்டு. ஜெருசலேமில் பிறந்த அமெரிக்கச் சிறுவனின் கடவுச்சீட்டில் பிறந்த இடமாக ‘இஸ்ரேல்’ என்று எழுதலாமா என்பது வழக்கு. எழுதலாம் என்று சட்டம் சொன்னது, நிர்வாகம் மறுத்தது. கீழ் நீதிமன்றங்கள் அரசியல் கேள்வி என்று ஒதுங்கின. 2012இல் உச்ச நீதிமன்றம், ஒரு சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் அன்றாட வேலைதானே என்று கதவைத் திறந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து வென்றது யார்? அதிபர்தான். பிற நாடுகளையும் அவற்றின் எல்லைகளையும் அங்கீகரிக்கும் அதிகாரம் அவருக்கே உரியது என்று 2015இல் தீர்ப்பு வந்தது. கதவு திறந்ததால் நிர்வாகம் எதையும் இழந்துவிடவில்லை. இம்முறை அதன் வெற்றிக்குப் பின்னால் எழுதப்பட்ட காரணங்கள் இருந்தன. தோற்றவரால் அவற்றைப் படித்துப் பார்க்க முடிந்தது.

இரண்டாவது நிலை, அதாவது முடிவெடுத்தவர் யார் என்று பார்ப்பது, நீதிமன்றத்துக்கு மிக உறுதியான தளம். முடிவு நல்லதா கெட்டதா என்ற பேச்சே இங்கு எழாது. பாகிஸ்தானுடனான ஒப்பந்தப்படி மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியைப் பிரித்துக் கொடுக்க இந்திய அரசு முனைந்தபோது, நிலத்தை விட்டுக்கொடுக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்று 1960இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. அதே ஆண்டு ஒன்பதாம் திருத்தம் வந்தது. படைகளை ஆயுதத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவை என்று 1994இல் ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது. அந்த விதி இன்று அந்நாட்டு அரசியலின் இயல்பான பகுதி. 2017 ஒரே ஆண்டில் மூன்று நாடுகளில் இதே கேள்வி எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் அறிவிப்பைக் கொடுக்க நாடாளுமன்றச் சட்டம் தேவை என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகும் தென்னாப்பிரிக்காவின் அறிவிப்பு நாடாளுமன்றத்தைக் கேட்காமல் கொடுக்கப்பட்டதால் செல்லாது என்றானது. கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவான்டனாமோ சிறையிலிருந்து இருவரைக் கானா ஏற்றுக்கொண்ட ஏற்பாடு நாடாளுமன்றத்தின் முன் வந்திருக்க வேண்டும் என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டன் நாடாளுமன்றம் சில வாரங்களிலேயே சட்டத்தை நிறைவேற்றியது, அறிவிப்பும் போனது. ஹைட்டிக்குக் காவலர்களை அனுப்புவதை 2024 ஜனவரியில் கென்யாவின் உயர் நீதிமன்றம் தடுத்தது; அரசு ஹைட்டியோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஜூனில் காவலர்களை அனுப்பிவிட்டது. முடிவு மாறவில்லையே என்பார்கள். முடிவை மாற்றுவது நீதிமன்றத்தின் வேலை என்று கொண்டால்தான் இது தோல்வி. பொறுப்பேற்க வேண்டியவர்கள் எழுந்து நின்று, பெயர் பதிவாகும்படி வாக்களித்தார்களா என்பதே இங்கு கேள்வி என்றால், பிரிட்டனில் அது நடந்தது.

இந்த நிலைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. இலங்கையின் சிங்கராசா வழக்கை நினைக்காமல் என்னால் இதைக் கடக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், ஒப்புதல் வாக்குமூலத்தின் அடிப்படையில், நீண்ட சிறைத் தண்டனை பெற்றவர் அவர். ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். அப்படி முறையிடும் வழியை இலங்கையே 1997இல் ஒரு விருப்ப நெறிமுறையில் இணைந்து திறந்துவைத்திருந்தது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று குழு 2004இல் கண்டது. அதைக் கொண்டு அவர் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்பினார். குடியரசுத் தலைவர் நாடாளுமன்றச் சட்டமின்றி அந்த நெறிமுறையில் இணைந்ததே அரசமைப்புக்கு முரண் என்று 2006இல் அது சொல்லிவிட்டது. யாருக்கு அதிகாரம் என்ற அதே கேள்விதான். பிரிட்டனில் அது குடிமக்களின் உரிமைகளைக் காக்கும் கருவியானது. இங்கே சிறையில் இருந்த ஒருவருக்கு இருந்த கடைசிக் கதவை மூடியது. அரசு உலகின் முன் கொடுத்த வாக்கை, அதை நம்பி வந்தவனுக்கு எதிராகவே திருப்ப முடிகிறது. எனவே இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் எந்த நாடும் ஒரு வேறுபாட்டை எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து: மக்களின் உரிமையைக் குறைக்கும் உடன்படிக்கை முடிவுக்கு நாடாளுமன்றம் கட்டாயம், உரிமையைக் கூட்டும் முடிவை நடைமுறைக் குறை காட்டிப் பின்னாளில் பறிக்கக் கூடாது.

மூன்றாவது நிலையில்தான் வழுக்கல் அதிகம். காரணங்களை ஆராயப் புகும் நீதிபதி எந்த இடத்தில் கொள்கையைத் தீர்மானிப்பவராக மாறுகிறார் என்று சொல்வது கடினம். நீதிமன்றம் திறம்படச் செயல்பட்ட ஓர் எடுத்துக்காட்டு மலேசியாவின் பெர்காவ் அணை. அதற்கு 23.4 கோடி பவுண்டு உதவி வழங்கப் பிரிட்டன் முடிவு செய்தது. பொருளாதார நோக்கில் தேறாத திட்டம் என்று அமைச்சகத்தின் மூத்த அதிகாரியே எதிர்த்திருந்தார். வளர்ச்சிக்கான உதவி என்று சட்டம் சொல்வது உருப்படியான வளர்ச்சியைத்தான் என்று 1994இல் நீதிமன்றம் முடிவு செய்து, அந்த உதவி சட்டவிரோதம் என்றது. மலேசியாவோடு நட்பு வேண்டுமா என்பதை அது தொடவே இல்லை. அந்த நட்புக்கான செலவை எந்தக் கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னது.

எதிர்ப்பக்கம் கனடாவில். அமெரிக்காவின் குரூஸ் ஏவுகணைகளைக் கனடாவில் சோதிக்க விடுவது அணு ஆயுதப் போர் அபாயத்தைக் கூட்டி உயிர்வாழும் உரிமையைப் பறிக்கிறது என்று அமைதி இயக்கங்கள் வழக்குத் தொடுத்தன. 1985இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வெளியுறவு முடிவு என்பதால் நாங்கள் பார்க்க மாட்டோம் என்று அது சொல்லவில்லை. இந்தச் சோதனையால் இன்ன நாடு இப்படி நடந்துகொள்ளும், அதனால் போர் வரும் என்பது எந்தச் சாட்சியாலும் நிறுவ முடியாத ஊகம் என்றது. எல்லையை இங்கேதான் வரைய வேண்டும் என்று நினைக்கிறேன். நடந்ததை நீதிமன்றம் ஆராயலாம். பிற நாடுகள் இனி எப்படி நடந்துகொள்ளும் என்ற கணிப்பை அரசிடமே விட்டுவிடலாம்.

ஏமன் போரில் ஈடுபட்ட சவூதி அரேபியாவுக்கு ஆயுதம் விற்கும் உரிமங்கள் பற்றிய வழக்கில் பிரிட்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் இதே கோட்டில்தான் நடந்தது. சவூதி அரேபியாவின் கடந்தகாலத் தாக்குதல்கள் போர்ச் சட்டத்தை மீறினவா என்று அரசு மதிப்பிட முயலவே இல்லை; மதிப்பிடாமல் வருங்கால அபாயத்தை எப்படி எடைபோட்டீர்கள் என்று கேட்டு, உரிமங்களை மறுபரிசீலனைக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே அரசு மதிப்பிட்டுவிட்டது: மீறல்கள் இருந்தாலும் அவை ஆங்காங்கே நடந்த தனித்தனிச் சம்பவங்கள் என்று சொல்லி உரிமங்களை மீண்டும் வழங்கத் தொடங்கியது. இந்த வழியின் பலவீனம் இது. கேள்வி சரியாக இருந்தும், வந்த பதில் மனத்தைக் கசக்கச் செய்கிறது.

அப்படியிருக்க, ஏன் நேரடியாகக் கட்டளையிடக் கூடாது? இதற்கு விடை தேட இரண்டு நாடுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட முதிய பெண்கள் பிலிப்பீன்சிலும் தென்கொரியாவிலும் ஏறத்தாழ ஒரே கோரிக்கையோடு தங்கள் நாட்டு நீதிமன்றங்களுக்குப் போனார்கள்: எங்களுக்காக ஜப்பானிடம் பேசுங்கள் என்று எங்கள் அரசுக்குச் சொல்லுங்கள். 2010 ஏப்ரலில் பிலிப்பீன்சு உச்ச நீதிமன்றம் அது நிர்வாகத்தின் முடிவு என்று மறுத்தது. 2011 ஆகஸ்டில் தென்கொரிய அரசமைப்பு நீதிமன்றம் வேறு பாதையில் போனது. 1965இல் ஜப்பானோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், கருத்து வேறுபாடு வந்தால் தூதரக வழியிலும், அது முடியாவிட்டால் நடுவர் வழியிலும் தீர்க்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்த வழியில் ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் அரசு இருந்தது அரசமைப்புக்கு முரண் என்றது நீதிமன்றம். எவ்வளவு இழப்பீடு, எப்படிப்பட்ட மன்னிப்பு என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அரசே கையெழுத்திட்ட வழியில் நடந்து பார் என்றது, அவ்வளவுதான்.

அந்தப் பெண்களின் வயதை நினைத்துப் பாருங்கள். ஒரு நீதிமன்றம் அவர்களிடம் ‘இது எங்கள் துறை இல்லை’ என்றது. இன்னொன்று ‘உங்கள் அரசு சும்மா இருந்தது தவறு’ என்று எழுதிக் கொடுத்தது. 2015 டிசம்பரில் கொரியாவும் ஜப்பானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அது பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமல் செய்யப்பட்டது என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த உடன்பாட்டை எதிர்த்த வழக்கை அதே அரசமைப்பு நீதிமன்றம் 2019இல் ஏற்கவில்லை. அது சட்டப்படி கட்டுப்படுத்தாத அரசியல் உடன்பாடு என்றது. அரசு சும்மா இருந்தபோது குறுக்கிட்ட நீதிமன்றம், அரசு பேசி முடித்ததைப் பிரித்துப் போட முன்வரவில்லை.

கட்டளை எவ்வளவு தூரம் அதிரும் என்பதையும் அதே நாடு கண்டது. போர்க்காலக் கட்டாய உழைப்புக்கு ஜப்பானிய நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று 2018 அக்டோபரில் தென்கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஜூலையில் குறைக்கடத்தித் தொழிலுக்கு வேண்டிய மூன்று பொருள்களின் ஏற்றுமதியை ஜப்பான் இறுக்கியது. பாதுகாப்புக் காரணம் என்றது ஜப்பான். பழிவாங்கல் என்றது கொரியா. அந்தத் தீர்ப்பு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். உழைத்தவன் கூலி கேட்டால் கொடுக்கச் சொல்வதுதான் நீதிமன்றம். ஆனால் பின்விளைவைச் சமாளிக்க வேண்டியவர் நீதிபதி இல்லை என்பதையும் மறைக்க முடியாது.

விலகி நிற்பதற்கும் கட்டளையிடுவதற்கும் நடுவே கனடா கண்ட வழி ஒன்று உண்டு. கனடா குடிமகனான ஒமர் காதர் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையிடம் பிடிபட்டபோது வயது 15. குவான்டனாமோவில் அவரைக் கனடா அதிகாரிகளே விசாரித்து, கிடைத்ததை அமெரிக்காவிடம் கொடுத்தார்கள். 2010இல் கனடா உச்ச நீதிமன்றம் அவருடைய உரிமை மீறப்பட்டது என்று ஒருமனதாக அறிவித்தது. அவரைத் திருப்பிக் கேள் என்று மட்டும் ஆணையிட மறுத்தது. மீறலை எப்படிச் சரிசெய்வது என்பதை அரசு முடிவு செய்யட்டும் என்றது. அரசு அமெரிக்காவுக்கு ஒரு குறிப்பு அனுப்பியதோடு நின்றது. அவர் நாடு திரும்ப 2012 ஆனது. 2017இல் அரசு மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தந்தது. அறிவிப்புத் தீர்ப்பு வீண் போகவில்லை. இழப்பீட்டுக்கு அதுவே அடித்தளம். ஆனாலும் இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்?

ஆகவே ஒரு நாடு இன்று தன் விதியை எழுதுகிறது என்றால், நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பேன். எந்த முடிவும் வெளியுறவு என்ற பெயரால் மட்டும் விசாரணைக்கு அப்பாற்பட்டதாக இருக்கக் கூடாது. அதிகாரம் இருந்ததா, சட்டம் மீறப்பட்டதா, பார்க்க வேண்டியதைப் பார்த்தார்களா என்ற மூன்றையும் கேட்கலாம். பதில் தவறாக இருந்தால் முடிவை எடுத்தவரிடமே காலக்கெடுவோடு திருப்பி அனுப்பலாம். ஒரு மனிதனின் உடலோ உயிரோ நேரடியாக ஆபத்தில் இருக்கும்போது, தன் அரசின் கையில் உள்ளதை மட்டும் செய்யும்படி கட்டளையிடலாம். 2025இல் அமெரிக்க நீதிமன்றம் விட்டுவைத்த ‘வழிசெய்’ என்ற சொல் அந்த அளவுதான், அந்த மனிதர் ஜூனில் திரும்பியும் வந்தார்.

திருப்பி அனுப்புவதில் ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. அரசு மறுபடி யோசித்து முடிக்கும்வரை என்ன நடக்கும்? ஆயுதம் போய்ச் சேர்ந்த பிறகு வரும் நல்ல மதிப்பீட்டால் யாருக்கும் பயனில்லை. எஃப்-35 போர் விமான உதிரிப் பாகங்களை இஸ்ரேலுக்கு அனுப்புவது பற்றிய நெதர்லாந்து வழக்கில் இது நேராக எழுந்தது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏழு நாளில் ஏற்றுமதியை நிறுத்தச் சொன்னது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தை எடைபோட வேண்டியவர் அமைச்சர்தான், நீதிபதி அவருக்குப் பதிலாக அதைச் செய்யக் கூடாது என்று திருத்தியது. உரிமத்தை ஆறு வாரத்துக்குள் மறுபடி பரிசீலிக்கும்படி அரசிடமே ஒப்படைத்தது. அந்த மறுபரிசீலனைக் காலத்தில் ஏற்றுமதித் தடை தொடரும் என்றும் சொன்னது.